சுக்கு சத்தம் போடாது

ஒரு மணி நேரம் இவன்கூட உக்காந்து பாருங்க அங்கிள், அப்புறமா வேணும் வேண்டாம்னு சொல்லுங்க, வேண்டாம்னாலும் நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு சிந்துஜா கூரியர் ஆபீசுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். மணி நாலு அஞ்சு. போக்குவரத்துக் கழகத்தில் இருபத்தாறு வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதிக்கொண்டே இருந்தவனுக்கு மணி பார்க்காமல் எதையும் தொடங்க வராது. நாலு அஞ்சு, அப்படியென்றால் அஞ்சு அஞ்சுக்கு வருவாள். மூன்றாவது மாடியில் அவள் வீடு. நான் இதே கட்டடத்தில் தரைத்தளம். இங்கே எல்லாச் சாமானும் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது, சுவரில் படம் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிகின்றன, நாளை மறுநாள் அவள் அயர்லாந்துக்குப் பறக்கிறாள், புருஷன் முன்னாடியே போய் வீடு பார்த்து வைத்திருக்கிறான். கட்டாத பொருள் என்றால் நான் உட்கார்ந்திருக்கிற பிளாஸ்டிக் நாற்காலி, எனக்கு எதிரே மேஜை, மேஜைமேல் கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குள் ஒரு தட்டைக்கல், கல்லுக்கு நேர் மேலே ஒரு விளக்கு, விளக்குக்குக் கீழே அது. வாலோடு சேர்த்தால் என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் வரும். ஓணான்தான், ஆனால் வெளிநாட்டு ஓணான், கழுத்தைச் சுற்றி முள் முள்ளாகத் தாடி, காய்ந்து சுருங்கின மஞ்சள் நிறம், அதனால்தான் சுக்கு என்று பேர் வைத்தாளாம். நான் அதைப் பார்க்கிறேன். அது என்னைப் பார்க்கிறதா என்று தெரியவில்லை. ஒரு கண் என் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் மூன்று தடவை சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனாள். காலையில் எட்டு மணிக்கு விளக்குப் போட வேண்டும், சாயங்காலம் ஏழு மணிக்கு அணைக்க வேண்டும், செம்பருத்திப் பூ என்றால் உயிர், பூசணிக்காய் துருவிக் கால்சியம் பவுடர் தூவிப் போடலாம், வாரத்துக்கு மூன்று நாள் புழு. புழுக்கள் ஒரு டப்பாவில் மேஜைக்கு அடியில் இருக்கின்றன, காதைக் கொடுத்துக் கேட்டால் காகிதம் நகர்கிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. எல்லாத்தையும்விட முக்கியம் இந்த ப்ளக்தான் அங்கிள், பகல்ல இதை மட்டும் கழட்டிடாதீங்க, வெளியில திருச்சி வெயில் எவ்வளவு அடிச்சாலும் வீட்டுக்குள்ள இவனுக்கு அது பத்தாது, சூடு இல்லைன்னா சாப்பிட்டது செரிக்காது, வயித்துக்குள்ளேயே கெட்டுப்போயிடும். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். சத்தம் போடுமா? போடவே மாட்டான் அங்கிள், நாலு வருஷத்துல நான் ஒரு தடவகூடக் கேட்டதில்ல. அவள் அதை ஒரு நல்ல குணமாகத்தான் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவு இருக்காது, ராத்திரி குரைக்காது, வாசலில் நின்று அழாது. எனக்கும் அந்த நிமிஷம் நெஞ்சுக்குள் என்னவோ தளர்ந்த மாதிரிதான் இருந்தது. சத்தம் போடாது. என்னைக் கூப்பிடாது. அப்புறம்தான் அந்தத் தளர்வைப் பார்த்து எனக்கே பயம் வந்தது, ப்ளக்கைக் கழட்டினாலும் சத்தம் போடாது என்றுதானே அதற்கு அர்த்தம், சத்தம் போடாததால்தான் இதை நான் எடுத்துக்கொள்ள நினைக்கிறேனா, சத்தம் போடாததால்தான் எடுத்துக்கொள்ளவே கூடாதா. நாலு பன்னிரண்டு. இதை யோசிக்கத்தான் ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறாள். யோசி தாசு. அமலதாஸ் என்ற பேரைத் தாசு என்று கூப்பிட்ட ஒரே ஆள் அண்ணன்தான். இப்போது நானே கூப்பிட்டுக்கொள்கிறேன்.

அண்ணனுக்கு விசில் தேவைப்பட்டதே இல்லை. சேசுராஜ் சார் என்றால் பள்ளிக்கூடத்தில் பீ.டி. மாஸ்டர், மைதானத்தின் இந்த மூலையிலிருந்து கூப்பிட்டால் அந்த மூலையில் ஓடுகிற பையன் கால் பின்னி நிற்பான், அப்படி ஒரு குரல். முதலில் போனது அந்தக் குரல்தான். நாக்குக் குழறியது, குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்றுகூட ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள், அப்புறம் கையில் பிடித்த சாக்பீஸ் விழுந்தது, அப்புறம் கால். நரம்பும் தசையும் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வருகிற நோய், புத்தி மட்டும் கடைசி வரைக்கும் அப்படியே இருக்கும் என்று டாக்டர் சொன்னார், அதை ஒரு ஆறுதல் மாதிரி சொன்னார். அண்ணி அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பிள்ளை இல்லை, நானோ கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை, வேலைக்கு விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஏழு வருஷம். கடைசி இரண்டு வருஷம் வலது கட்டைவிரல் ஒன்றுதான் அசைந்தது. வாசலில் மாட்டுவார்களே, வயரில்லாத காலிங் பெல், அதில் ஒன்றை வாங்கிவந்து பொத்தானை அவன் உள்ளங்கையில் துணிப்பட்டையால் கட்டிவிட்டு மணியை அடுக்களை ப்ளக்கில் சொருகிவைத்தேன். அழுத்தினால் குருவி கத்துகிற மாதிரிச் சத்தம். சளி அடைத்தால் குருவி, மூக்கு அரித்தால் குருவி, ஃபேன் காற்று கண்ணில் பட்டால் குருவி, ஈ உட்கார்ந்தால் குருவி. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை. நான் எண்ணினேன். எண்ணாமல் இருக்க என்னால் முடியாது, அது என் பிழைப்பாக இருந்த காரியம். ஆனால் ஒரு தடவைகூடப் போகாமல் இருந்ததில்லை. ஒரு தடவைகூட. அந்த ஒரு நாளைத் தவிர என்று சொல்ல வேண்டும். இல்லை, அந்த நாளில் அந்த நேரத்தில் மணி அடிக்கவே இல்லையே, அதனால் போகாமல் இருந்ததில்லை என்பது சரிதான், எழுத்துப்படி சரிதான், லாக் ஷீட்டில் எழுதினால் யாரும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது.

அது இப்போது கையைத் தூக்குகிறது. இடது முன்னங்காலை, மெதுவாக, தண்ணீருக்குள் தூக்குகிற மாதிரி, ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கல்மேல் திரும்ப வைக்கிறது. முதல் நாள் பார்த்தபோது எனக்கு டாட்டா காட்டுகிறது என்று நினைத்துவிட்டேன். சிந்துஜா சிரித்தாள். டாட்டா இல்ல அங்கிள், தன்னைவிடப் பெரிய ஆளைப் பாத்தா அப்படிப் பண்ணும், நான் சின்னவன், என்னை ஒண்ணும் பண்ணிடாதன்னு அர்த்தமாம். சின்ன வயதில் நானும் அண்ணனும் ஓணான் பிடித்திருக்கிறோம், பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் வேலியில், ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டு. பிடித்ததும் கழுத்தில் நூல் கட்டி, தீப்பெட்டியை இழுக்கவைத்து, அதுமேல் கல் வைத்து, இன்னொரு கல் வைத்து. அது வாயைத் திறந்து திறந்து மூடும், சத்தம் வராது. இதுக்கு வலிக்காதுண்ணே என்று நான்தான் சொன்னேன், வலிச்சா கத்துமில்ல. அண்ணனுக்குப் பதினோரு வயது, எனக்கு ஆறு. அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டான். ஏண்ணே என்று அழுதேன். அதற்கு அவன் என்ன சொன்னான் என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. ஏதோ சொன்னான். என் முதுகில் ஒரு அடி வைத்தது ஞாபகம் இருக்கிறது, லேசாக, விளையாட்டுக்கு. சொன்னது ஞாபகம் இல்லை. அவன் குரல் போன பிறகு ஒருநாள் கேட்கலாம் என்று நினைத்தேன், எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாக அவன் கண்ணை மூடிச் சொல்ல வேண்டுமே, இதற்குப் போய் அவனைச் சிரமப்படுத்துவதா என்று விட்டுவிட்டேன்.

நாலு இருபத்தெட்டு. சரி, ஒழுங்காக யோசிப்போம். எனக்கு ஐம்பத்தொன்பது. இதற்கு நாலு. இன்னும் எட்டு வருஷம் இருக்கும் என்கிறாள், அப்போது எனக்கு அறுபத்தேழு, சர்க்கரை இருக்கிறது, கட்டுக்குள் இருக்கிறது. வீட்டில் இடம் இருக்கிறது, அண்ணன் கட்டில் கிடந்த இடம் காலி, கட்டிலை ஒரு கருணை இல்லத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. பக்கத்தில் செம்பருத்தி மரம் இருக்கிறது. நாயென்றால் வாலாட்டிக்கொண்டு வரும், நான் அதற்குத் தகுதியானவன் என்று நினைத்துக்கொள்ளும், என்னால் தாங்க முடியாது. பூனை மடியில் வந்து படுக்கும். இது வராது. இது என்னை நம்பாது, என்னிடம் எதையும் எதிர்பார்க்காது, கல், சூடு, பூ, அது போதும். அண்ணன் போன இந்தப் பத்து மாதத்தில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறேன். உடம்பு தானாக அண்ணனைப் புரட்டிப் படுக்கவைக்கப் போகிறது, பாதி வழியில் நின்றுவிடுகிறது. மரத்தில் குருவி கத்தினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறேன். அதனால் ஏதாவது ஒரு உயிர் வீட்டில் இருந்தால் நல்லதுதான். ஆனால் சிந்துஜா ஏன் என்னைத் தேடி வந்தாள்? அண்ணனை நீங்க எப்படிப் பாத்துக்கிட்டீங்கன்னு இந்த பில்டிங் முழுக்கப் பேசும் அங்கிள், அதான் உங்ககிட்ட வந்தேன். அதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அடக்கப் பூசையில் பங்குச்சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார், சகோதர அன்புக்கு இந்தப் பங்கில் ஒரு சாட்சி உண்டு என்று. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தர், ஒரே ஒருத்தர், அன்றைக்குக் காலையில் என்ன நடந்தது தாஸ் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், ஏழு வருஷமாக எதிர்பார்த்ததுதான், சளி அடைத்துவிட்டது.

மிக்ஸிக்காகத்தான் கழட்டினேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அடுக்களையில் இரண்டே ப்ளக், ஒன்றில் ஃப்ரிட்ஜ், இன்னொன்றில் மணி. மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கிற சாதத்தையும் பருப்பையும் கேரட்டையும் கூழாக அரைக்க வேண்டும், அதற்குத் தினமும் மணியைக் கழட்டி மிக்ஸியைச் சொருகுவேன், இரண்டு நிமிஷம், அரைத்ததும் மிக்ஸியைக் கழட்டி மணியைச் சொருகுவேன். இரண்டு வருஷம் தினமும் செய்தது. அன்றைக்கு, செவ்வாய்க்கிழமை, பத்து இருபது. அதற்கு முன்னாடி காலையிலிருந்து பத்தொன்பது தடவை குருவி கத்தியிருந்தது. பத்தொன்பதாவது தடவை போனபோது சளி இல்லை, அரிப்பு இல்லை, தலையணை சரியாக இருந்தது. என்னண்ணே? பலகையை எடுத்து எழுத்து எழுத்தாக விரலை ஓட்டினேன். இ என்ற எழுத்தில் கண்ணை மூடினான். ரு என்ற எழுத்தில் கண்ணை மூடினான். அப்புறம் மூடவே இல்லை. இரு. இருக்கேன்ண்ணே, என்ன வேணும்? திரும்பவும் பலகை, திரும்பவும் அதே இரண்டு எழுத்து. கொஞ்சம் பொறு, இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது என்கிறானா, இல்லை என் பக்கத்தில் சும்மா இரு என்கிறானா? எனக்குப் புரியவில்லை. இப்போது சொல்கிறேன், புரிந்தது. புரிந்துதான் சொன்னேன், வேலை கெடக்குண்ணே, சாப்பாடு அரைக்கணும் என்று. அடுக்களைக்கு வந்து மணியைக் கழட்டினேன், மிக்ஸியைச் சொருகினேன், அரைத்தேன், இரண்டு நிமிஷம், மிக்ஸியைக் கழட்டினேன். ப்ளக் காலியாக இருந்தது. மணி மேடைமேல் கிடந்தது. மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்குள் சொல்லிக்கொள்கிறேன், மிக்ஸியைக் கழுவப்போய் மறந்துவிட்டேன். ஆனால் மணி என் கண்ணுக்கு எதிரேதான் கிடந்தது. நான் காபி போட்டேன். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு டம்ளர் காபியைச் சூடு ஆறுவதற்கு முன்னாடி கடைசி வாய் வரைக்கும் குடித்தேன். ஜன்னல் வழியாக வெயில் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் விழுந்திருந்தது, தண்ணீர்க்குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, வேறு ஒரு சத்தமும் இல்லை. அந்தக் காபி நன்றாக இருந்தது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது. மற்றதைக்கூடச் சொல்லிவிடலாம், அந்தக் காபி நன்றாக இருந்தது என்பதை எப்படிச் சொல்வது. பதினோரு மணிக்குப் போனேன். கூழை எடுத்துக்கொண்டுதான் போனேன். கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. ஆனால் அது எப்போதுமே பொத்தான்மேல்தான் இருக்கும், அப்படித்தான் கட்டியிருந்தேன். அழுத்தினானா? அழுத்தாமலேயே தூக்கத்தில் போய்விட்டானா? அழுத்தினால் எத்தனை தடவை? பத்தொன்பது வரைக்கும்தான் என்னிடம் கணக்கு இருக்கிறது.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், போகாமல் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம், வரிசையில் நின்று, மண்டியிட்டு, அண்ணனைக் கவனிச்சுக்கிட்ட காலத்துல ஒரு சில நேரம் கவனக்குறைவா இருந்திருக்கேன் சாமி என்று சொன்னேன். கவனக்குறைவு. எவ்வளவு சின்ன வார்த்தை, எவ்வளவு வசதியான வார்த்தை, டெப்போவில் வண்டியை உரசின டிரைவர் எழுதிக்கொடுக்கிற வார்த்தை. சாமியார் பெருமூச்சு விட்டார், ரொம்ப உங்களைக் கஷ்டப்படுத்திக்காதீங்க தாஸ் என்றார், மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன். வெளியே வந்து கோயில் படியில் செருப்பைத் தேடும்போது இது போகாது என்று தெரிந்துவிட்டது, சொல்லாததை எப்படி மன்னிப்பார்கள்.

நாலு நாற்பத்தைந்து. அது கல்லைவிட்டு நகரவில்லை. விளக்கின் வயர் மேஜைக்குப் பின்னாலிருந்து இறங்கிச் சுவரில் ஒரு ப்ளக்கில் போய் முடிகிறது. பக்கத்தில் வெள்ளை ஸ்விட்ச். எட்டி இருந்தால் பரவாயில்லை, என் நாற்காலியிலிருந்து கை நீட்டினால் படும் இடத்தில் இருக்கிறது. நான் ஏன் அதைப் பார்க்கிறேன். ஒன்றும் செய்யப்போவதில்லை, சும்மா பார்க்கிறேன். எட்டு வருஷம் தினமும் ஒரு ஸ்விட்சுக்குப் பக்கத்தில் என்னை விட்டுவைத்தால் நான் எப்படிப்பட்ட ஆளாக இருப்பேன்? அதுதானே கேள்வி, பூசணித் துருவலும் கால்சியம் பவுடரும் இல்லையே கேள்வி. அதைத் தெரிந்துகொள்ளாமல் எப்படிச் சரி என்று சொல்வது, சொல்லிவிட்டு எப்படித் தூங்குவது. ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம், ஒரு நிமிஷத்தில் அதற்கு ஒன்றும் ஆகாது. நாலு நாற்பத்தாறுக்கு ஸ்விட்சை அணைத்தேன். தொட்டி சட்டென்று சாதாரணக் கண்ணாடிப் பெட்டியாகிவிட்டது. அது தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி ஒரு கண்ணால் என் பக்கம். நாற்பத்தேழு. போட்டுவிட வேண்டியதுதான், போடவில்லை. என்ன செய்யும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதாவது செய்யும், கண்ணாடியைச் சுரண்டும், வாயைத் திறக்கும், ஏதோ ஒரு அடையாளம் காட்டும், காட்டினதும் போட்டுவிடுவேன், அதற்குத்தான் காத்திருந்தேன். அது காட்டவில்லை. ஃபேன் காற்று எனக்கே சில்லென்று பட்டது. மஞ்சள் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, தாடிக்கு அடியில் கறுப்பு ஏறியது, அல்லது வெளிச்சம் இல்லாததால் அப்படித் தெரிந்ததா, இதுதான் அடையாளமா, இது போதுமா. ஐம்பத்திரண்டு. கல்லில் இன்னும் மிச்சமிருந்த சூட்டோடு வயிற்றை ஒட்டிவைத்துக்கொண்டு தட்டையாகப் படுத்தது. கையைத் தூக்கியது. மெதுவாக ஒரு வட்டம். வைத்துவிட்டது. அந்தக் கட்டைவிரல் அழுத்தியதா இல்லையா, அதை எனக்கு இனிமேல் யாரும் சொல்லப்போவதில்லை என்று அப்போதுதான் நினைத்தேன். ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். தடவிப் போட்டபோது நாலு ஐம்பத்தேழு. பதினோரு நிமிஷம். ஒரு நிமிஷம் என்று ஆரம்பித்தது.

ஐந்து மணி கடந்து இரண்டு நிமிஷம் இருக்கும், படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சிந்துஜா வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்து பையைக் கீழே போட்டாள்.

"என்ன அங்கிள், ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ் ஆயிட்டீங்களா?"

"எனக்கு வேண்டாம்மா."

அவள் முகம் அப்படியே நின்றது. "பிடிக்கலையா?"

"பிடிக்கலைன்னு இல்ல."

"அப்புறம் என்ன அங்கிள்? நான் ஒன்பது பேரைக் கேட்டுட்டேன். எல்லாரும் போட்டோ எடுத்துக்கறாங்க, யாரும் வெச்சுக்க மாட்டேங்கறாங்க. ஒருத்தன் இவனைக் காட்டி வீடியோ போடணும்னுதான் கேக்கறான். நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு எனக்கு. உங்க அண்ணனை நீங்க பாத்துக்கிட்ட மாதிரி—"

"அதைச் சொல்லாத."

என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. அன்னைக்கு பெல்லை நான்தான் கழட்டி வெச்சிருந்தேன் என்று ஆரம்பித்து, மிக்ஸி, பத்தொன்பது தடவை, அந்த இரண்டு எழுத்து, காபி, அந்தக் காபி நன்றாக இருந்தது என்பது வரைக்கும் சொன்னேன். பத்து மாதமாக இவ்வளவு பெரியதாக இருந்தது, சொல்லி முடிக்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

சிந்துஜா ஒரு அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தாள். பெட்டி அமுங்கியது, அவள் கவனிக்கவில்லை.

"எவ்வளவு நேரம் அங்கிள்?"

"நாப்பது நிமிஷம். பத்து இருபதுலேருந்து பதினொண்ணு வரைக்கும்."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல."

அவள் தரையைப் பார்த்தாள். நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"இப்பவும் இந்த விளக்கைப் பதினோரு நிமிஷம் அணைச்சு வெச்சிருந்தேன்."

சட்டென்று எழுந்தாள். தொட்டி மூடியைத் தள்ளி அதைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"எதுக்கு?"

"என்னை நம்பலாமான்னு பாக்க."

"இவனை வெச்சா பாக்கறது?"

நாற்காலியைப் பிடித்து எழுந்தேன். வாசல் வரைக்கும் போய்விட்டேன், செருப்பில் கால் நுழையவில்லை.

"நில்லுங்க அங்கிள்." அவள் குரல் உடைந்திருந்தது. "இதை யார்கிட்டயும் சொல்லலையா நீங்க?"

"யாரும் கேக்கலம்மா."

அவள் அதன் முதுகைத் தடவினாள். கீழே தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியாட்டிக்கொண்டு போனான். பிறகு பேசினாள், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி.

"எனக்குக் கோவமா இருக்கு. உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியல. உங்க அண்ணன் என்ன நினைச்சாரோ, அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

"வேண்டாம்."

"ஆனா இவனுக்கு வேற ஆள் இல்ல. அதுதான் நிஜம். உங்ககிட்ட விட்டுட்டுப் போனா எனக்கு அங்க பயமாத்தான் இருக்கும். வேற யார்கிட்ட விட்டாலும் பயம்தான், அவங்க என்கிட்ட எதையும் சொல்ல மாட்டாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "தினமும் காலைல விளக்குப் போட்டதும் ஒரு போட்டோ அனுப்பணும். சாயங்காலம் அணைக்கும்போது ஒண்ணு. வரலைன்னா கூப்பிடுவேன். எங்க போனீங்க, என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னு கேப்பேன். கோவமாத்தான் கேப்பேன் அங்கிள்."

"கேளும்மா."

"சும்மா மறந்துட்டேன்னு சொல்லக் கூடாது."

"மறந்தா மட்டும்தான் மறந்தேன்னு சொல்லுவேன்."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். என்ன பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் வந்து, கையக் குடுங்க, அப்படி இல்ல, வயித்துக்கு அடியில முழுசா குடுங்க, கால் தொங்கக் கூடாது என்று சொல்லி அதை என் கையில் வைத்தாள். நான் நினைத்ததைவிடக் கனம் குறைவு. நான்கு காலிலும் நகம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது, கீறவில்லை, விழாமல் இருக்கத்தான் பிடித்தது. முதுகு சொரசொரவென்று இருந்தது. வயிறு மிருதுவாக, ஈரமில்லாத குளிர்ச்சியாக, அதற்குள்ளே எங்கேயோ சின்னதாக ஒரு துடிப்பு.

"இன்னும் சில்லுன்னு இருக்கான்ம்மா," என்றேன். "நான் அணைச்சதாலதான்."

"ஆமா அங்கிள்," என்றாள் சிந்துஜா.